ஒரே கண்ணாடிக்குள் இரண்டு கார்டு

என் ஓர்ப்படியாள், அதாவது என் கொழுந்தனின் மனைவி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சீர் சாமான்களோடு ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ சர்டிபிகேட்டையும் கொண்டுவந்தாள். பீரோவை நான் பொறுத்துக்கொண்டேன். தேக்குக் கட்டிலையும் பொறுத்துக்கொண்டேன். தூக்குவாளி தூக்குவாளியாக வந்த பால்கோவாவில் எனக்கும் பங்கு கிடைத்தது, தின்றுவிட்டேன். அந்தச் சர்டிபிகேட்டைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. மாமனார் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் சாமி படங்களுக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட் என் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பட்டுக்குக் கீழே, மடித்துக் கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

எங்களுக்கு ராஜபாளையத்தில் அச்சகம். முன்னால் கடை, பின்னாலும் மாடியிலும் வீடு. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு லேபிள், மாம்பழப் பெட்டியில் ஒட்டுகிற சீட்டு, கருமாதி கார்டு எல்லாம் அடிப்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமனார் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிவிட்டாரே ஒழிய அதைத் தொட வீட்டில் ஆளில்லை. என் வீட்டுக்காரருக்கு அச்சு மெஷினுக்கு மை பூசத்தான் பிடிக்கும். கொழுந்தன் ஆர்டர் பிடிக்க ஊர் சுற்றுவார். டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆகவே கடைக்குள் கண்ணாடி வைத்து ஓர் அறை தடுத்து, அதில் என்னை உட்காரவைத்தார்கள். மூன்று வருடம் அந்தக் கண்ணாடி அறைக்குள் நான் வைத்ததுதான் சட்டம். கடைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்து, "மூத்த மருமகா கம்ப்யூட்டர்ல போடுதாளாக்கும்!" என்பார்கள். நான் திரும்ப மாட்டேன். ஆனால் முதுகு நிமிர்ந்துகொள்ளும்.

அப்போதுதான் இவள் வந்தாள். வந்த இரண்டாம் மாதம் மாமனார் இரண்டாவது மெஷின் வாங்கினார். அதற்குக் கலர் மானிட்டர். என்னுடையது கறுப்பு வெள்ளை.

"எனக்கு நகை நட்டெல்லாம் பெருசில்லக்கா" என்று அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எங்க அப்பா மாப்பிள்ளை பாக்க வந்தப்பவே மாமாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. எம் பிள்ளைய மெஷின்ல உக்கார விடுவீங்களான்னு. மாமா சரின்னு வாக்குக் குடுத்தாரு. அதுக்கப்புறந்தான் நான் தலையாட்டினேன்." முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த நாற்காலிக்காகவே இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டிருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நல்ல காரியத்துக்கு அடிக்கிற பத்திரிகையும் கருமாதி கார்டும் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. மாமனார் அதில் கறார். கறுப்பு ஓரம் போட்ட அட்டைகளுக்குத் தனி அலமாரி. கருமாதி கார்டுக்கு வருகிறவர்கள் பக்கத்துச் சந்து வாசல் வழியாக வர வேண்டும். புரூப் தாள்கூட ஒரே மேஜையில் கிடக்கக் கூடாது. கல்யாண வீட்டார் கண்ணில் பட்டால் அபசகுனம், கடைக்குப் பெயர் கெட்டுவிடும் என்பார். இரண்டு மெஷின் ஆனதும் அவர் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். கலர் மானிட்டரில் நல்ல காரியம். கறுப்பு வெள்ளையில் மற்றது. அதாவது ஊர்க் கல்யாணமெல்லாம் அவளுக்கு, ஊர்ச் சாவெல்லாம் எனக்கு.

"கறுப்பு வெள்ளையில கறுப்பு ஓரம் நல்லாத்தானம்மா தெரியும்" என்று எனக்குச் சமாதானம் வேறு.

எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

வேலை பிரித்த விதத்தைவிட அவள் வேலை செய்கிற விதம்தான் என்னை அதிகமாகப் படுத்தியது. எங்கள் பக்கம் பெண் வீட்டுக்கு ஒரு பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பத்திரிகை என்று தனித்தனியாக அடிப்போம். முகூர்த்தமும் மண்டபமும் ஒன்றுதான், பெயர்களின் வரிசை மாறும். நான் எப்படிச் செய்வேன் என்றால், பெண் வீட்டுப் பத்திரிகையைத் திறப்பேன், வேண்டியதை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வேன், மூடுவேன். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையைத் திறப்பேன், நோட்டைப் பார்த்து அடிப்பேன். மறுபடி சந்தேகம் வந்தால் இதை மூடி அதைத் திறப்பேன். மெஷின் ஒவ்வொரு தடவையும் முக்கி முனகித் திறக்கும். அதற்குள் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இவள் முதல் நாளே இரண்டையும் சேர்த்துத் திறந்தாள். மேலே ஒரு இடத்தில் அமுக்கினாள், 'டைல்' என்று ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவுதான், திரை நடுவில் பிளந்து இடது பக்கம் பெண் வீடு, வலது பக்கம் மாப்பிள்ளை வீடு என்று இரண்டும் அருகருகே உட்கார்ந்துகொண்டன. பிறகு ஒரு பெட்டியின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்து அடுத்த பெட்டியின் ஓரத்தோடு இடைவெளியே தெரியாமல் ஒட்டிவைத்தாள். சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி ஒரு நிதானம். இதில் ஒரு வரியைப் பிடித்து அதில் போட்டாள். நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. நான் அரை நாள் செய்கிற வேலையை அவள் முடித்துவிட்டு, கைவிரலைச் சொடுக்கி எடுத்துக்கொண்டு, "காப்பி போடட்டுமாக்கா?" என்றாள்.

"அது என்னட்டி?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒவ்வொண்ணும் ஒரு விண்டோக்கா. ஜன்னல் மாதிரி. எத்தனை வேணும்னாலும் தொறந்து வச்சிக்கிடலாம்."

வாசலில் நின்ற மாமியார் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, "ஜன்னலா? நமக்கு இங்க காத்தே வரலையே" என்றாள். ஓர்ப்படியாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன், அதற்குள் இப்படி ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொறாமை பிடித்துவிட்டால் மனுஷி எவ்வளவு சின்னவளாகிவிடுகிறாள் என்று என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆயுத பூஜையன்று இரண்டு மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். அவளுடையதற்கு ரோஜா மாலை, என்னுடையதற்கு இரண்டு முழம் கதம்பம். மாலை ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, அதைப் புது மெஷினுக்குப் போட்டிருக்கிறார்கள், விஷயம் அவ்வளவுதான். நான் அன்றைக்குச் சுண்டலே தின்னவில்லை. அய்யனார் கோயில் அருவிக்கு எல்லாரும் வேன் பிடித்துப் போனபோது கொழுந்தன் அவளுக்குத் துண்டு பிடித்துக்கொண்டு நின்றார், அதற்குக்கூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்காமலும் இல்லை. ஒரு மத்தியானம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, டைல் எங்கே இருக்கிறது, வேண்டாத விண்டோவை எப்படிச் சின்னதாக்கிக் கீழே வைப்பது, எப்படித் திரும்பப் பெரிதாக்குவது என்று எல்லாம் காட்டினாள். "கீழ குட்டியாக் கிடக்கும்க்கா. அது மேல ரெண்டு தட்டுத் தட்டினா எந்திரிச்சி வரும். நம்மளா எழுப்புத வரைக்கும் வராது." வகுப்பில் வாத்தியாரம்மா மாதிரி சொல்லவில்லை, பல்லாங்குழி சொல்லித்தருகிற மாதிரிதான் சொன்னாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் திட்டவாவது செய்யலாமே.

ஒரு முகூர்த்த மாதம் வேலை குவிந்து, ஒரு கல்யாணப் பத்திரிகை என் மெஷினுக்கும் வந்தது. விடுவேனா? நானும் டைல் போட்டேன். இரண்டு பத்திரிகையும் அருகருகே நின்றன. மாப்பிள்ளையின் தாய்மாமன்மார் பெயர்களை அடித்தேன், வரிசையாக, கம்பீரமாக. அடித்தது பெண் வீட்டுப் பத்திரிகையில். எந்தப் பெட்டியில் எழுதுகிறோமோ அதன் மேல் பட்டை நீலமாகும், மற்றது சாம்பல் நிறமாகும். என் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். தாய்மாமன் பெயர் கொஞ்சம் கீழே இறங்கினாலே பந்தலில் சேரைத் தூக்கி எறிகிற ஊர் இது. நான் ஆளையே மாற்றி வைத்திருந்தேன்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவள் அதைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான் சோறு வடிக்கப் போயிருந்த நேரத்தில் சரிசெய்து வைத்துவிட்டு, மறுநாள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எந்த விண்டோவுல கர்சர் மினுங்குதுன்னு பாத்துட்டு அடிங்க. உங்க மானிட்டர்ல வித்தியாசம் தெரியாது. தப்பு உங்க மேல இல்ல."

தப்பு என் மேல் இல்லையாம். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மாமனாரிடம் போய் வத்தி வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. அவள் நல்லவளாகவும் இருந்தாள், அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஆடி முடியப்போகிற நேரம். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்கக் கடையில் கூட்டம் நெரிந்தது. அன்று காலை என் மானிட்டர் கண்ணைத் திறக்கவே இல்லை. தட்டிப் பார்த்தேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. கையில் ஒரு கருமாதி கார்டு இருந்தது. சாயங்காலம் ஆள் வந்து கேட்பார்கள். மாமனாரிடம் சொன்னால், அவர் வெளியே எங்காவது கொடுத்து அடித்துக்கொள்வார், "அவளுக்கு மெஷினைப் பாத்துக்கிடத் தெரியல" என்று ஒரு வார்த்தை வரும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"குடுங்கக்கா, நான் அடிச்சித் தாரேன்" என்றாள் அவள்.

"ஏட்டி, உன் மெஷின்ல கருமாதி கார்டா? மாமாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிப்புடுவாரு."

"தெரிஞ்சாத்தானே? கீழ குட்டியாப் போட்டு வச்சிக்கிடுதேன். யாரும் இல்லாத நேரம் எடுத்து அடிச்சிட்டு மறுபடி சுருட்டி வச்சிருதேன். செத்த நேரத்து வேலை."

அப்படியே செய்தாள். ஒரு பஞ்சு வியாபாரி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அவள் திரையில் பெரிதாக நின்றது. அந்த வருடத்துக்கே எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆர்டர் அது. அதற்குக் கீழே ஒரு மூலையில் என் கருமாதி கார்டு குட்டிப் படமாக ஒளிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் இரண்டும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. கார்டில் ஒரு பெயர் மட்டும் சந்தேகம், ஆள் வந்ததும் கேட்டுப் போட வேண்டும் என்று சின்னதாக்கி வைத்துவிட்டுச் சாப்பிட மாடிக்குப் போனாள். போகும்போது, "பாத்துக்கோங்கக்கா" என்றாள்.

அறையில் நான் மட்டும். கலர் மானிட்டருக்கு முன்னால் நான் அதுவரை தனியாக உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. கலரில் டைல் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவே. கீழே கிடந்த குட்டிப் படத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். கார்டு எழுந்து வந்தது. மேலே போய் டைலை அமுக்கினேன். இடது பக்கம் மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாணம், வலது பக்கம் கறுப்பு ஓரத்தோடு சாவு. ஒரு பட்டை நீலம், ஒரு பட்டை சாம்பல். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! இப்படி ஒரு திரை எனக்கு இருந்திருந்தால் தாய்மாமன் மாறியிருப்பானா?

அப்போது முன்கடையில் மாமனாரின் குரல் கேட்டது. "வாங்க மொதலாளி, வாங்க வாங்க. புரூப் ரெடியாத்தான் இருக்கு." பஞ்சு வியாபாரி தன் தம்பியோடு வந்திருந்தார்.

ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், கார்டு கீழே போயிருக்கும். எனக்கு அது தெரியும். அவளே சொல்லிக்கொடுத்தது. நேரமும் இருந்தது, அவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். என் கை மவுஸின் மேல்தான் இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். எழுந்தேன். கல்யாண வீட்டாரை ஒருநாளும் நான் உள்ளே கூப்பிட்டதில்லை, தாளில் எடுத்துக்கொண்டுபோய் வெளியே காட்டுவதுதான் வழக்கம். அன்று கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உள்ள வந்து கலர்லயே பாருங்க" என்றேன். என் குரல் தேனாக இருந்தது.

அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். மகளின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு கண் வலது பக்கம் போனது. தம்பி எட்டிப் பார்த்து, "அய்யய்யோ!" என்றார்.

"எம் மக கலியாணப் பத்திரிகையும் எழவு கார்டும் ஒரே கண்ணாடிக்குள்ளயா?" என்றார் அவர். கத்தவில்லை. குரல் நடுங்கியது. "ஒத்தப் பொம்பளப் பிள்ளை வச்சிருக்கேன் சாமி. உங்களை நம்பித்தானே குடுத்தேன்."

மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். என் மாமனார் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "மொதலாளி, மன்னிச்சிருங்க, தெரியாம நடந்துபோச்சு" என்று பின்னாலேயே ஓடினார். வியாபாரி கேட்கவில்லை. "பத, போதாம்", வா போகலாம் என்று தெலுங்கில் சொல்லித் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். பத்திரிகையை அவர் சிவகாசியில் அடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

சத்தம் கேட்டு அவள் மாடியிலிருந்து ஓடிவந்தாள், எச்சில் கையோடு. திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, நான் சின்னதாக்கி வச்சிட்டுத்தான் போனேன். சத்தியமா மாமா. கீழதான் இருந்துச்சு."

"சின்னதாக்குறதாவது பெருசாக்குறதாவது! கருமாதி கார்டு இந்த மெஷினுக்கு எப்படி வந்துச்சு? அதச் சொல்லு மொதல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கவனியுங்கள், என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. "நான்தான் வாங்கி அடிச்சேன்" என்றாள். "ஆனா நான் மூடி வச்சிட்டுத்தான் மாமா போனேன்."

அந்த வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர் என்று அத்தனை பேர் நின்றார்கள். சின்னதாக்கி வைப்பது என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் சொன்னது புரிந்த ஒரே ஆள் நான். மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உனக்குத் தெரியும்லா. அவ மூடி வச்சது தானா எந்திரிச்சி வருமா?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"தானா வராது மாமா" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அது தானாக வராதுதான்.

அவ்வளவுதான், முடிந்தது. அவள் மூடவே இல்லை, பொய் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது. "உங்க அப்பாவுக்கு வாக்குக் குடுத்தேன்னுதான் உக்கார வச்சேன். இனி அந்த ரூமுக்குள்ள காலு வைக்கக் கூடாது" என்றார் மாமனார். கொழுந்தன் வெளியூரிலிருந்து திரும்பி வந்து எவ்வளவோ பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை கடையின் பின்கட்டில். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அச்சடித்து வந்த பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். நான் கலர் மானிட்டருக்கு வந்தேன்.

கிடைத்துவிட்டதே, ஆடினேனா? இல்லை. டைல் போட்டுப் பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்யும்போது கண்ணாடி வழியாகப் பின்கட்டு தெரியும். மஞ்சள் விரலோடு அவள் தலை குனிந்து இருப்பாள். நான் திரையைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அந்தப் பஞ்சு வியாபாரி மகளை நினைத்தும் பயம். கண்ட இடத்தில் விசாரிப்பேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அடுத்த வருடமே பேறுகாலம் ஆகி அவளும் பிள்ளையும் சுகம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் ஆண்டாள் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். ஓர்ப்படியாளுக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வாய் வரவில்லை.

ஒன்றரை வருடம் மஞ்சள் தடவினாள். பிறகு கொழுந்தன் தனியாகப் போகிறேன் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய்விட்டார். அவள் பிறந்த வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு மெஷின் போட்டு ஆரம்பித்தார்கள். நன்றாக நடக்கிறது என்று சேதி வரும். அங்கேயும் கருமாதி கார்டு அடிப்பாள்தானே, ஒரு மெஷினில் எப்படிச் சமாளிக்கிறாள் என்று யோசிப்பேன். கேட்க முடியுமா?

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரத்தில் என் அம்மா வத்திராயிருப்பில் இறந்துபோனாள். பிளவக்கல் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து, அழுது, அடங்கி, ஐந்தாம் நாள் கருமாதி கார்டு பேச்சு வந்தது. "ராஜபாளையத்துக்கு எதுக்கு அலையணும்? வில்லிபுத்தூர்ல உன் ஓர்ப்படியா கடைதான் இருக்கே. நீயே போயிட்டு வா" என்றார் என் அண்ணன். இல்லை என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. பஸ் ஏறினேன்.

கடையில் இப்போது மூன்று மெஷின். மூன்றும் கலர். இரண்டு பெண்கள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா செத்து ஐந்து நாள் ஆகிறது, கண்ணில் நீர் வற்றவில்லை, அந்த நிலையிலும் மூன்று மானிட்டரையும் எண்ணினேன். வயிறு அப்போதும் எரிந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "தகவல் தெரிஞ்சி நாங்க வாரதுக்குள்ள எடுத்துட்டாங்கன்னாங்கக்கா" என்று அழுதாள். நானும் அழுதேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் தந்தாள். அண்ணன் எழுதிக்கொடுத்த தாளைக் கையில் வாங்கிக்கொண்டு தன் மெஷினில் உட்கார்ந்தாள்.

அவள் திரையில் நான்கு கல்யாணப் பத்திரிகைகள் திறந்து கிடந்தன. நான்கும் நான்கு மூலையில், ஓரத்தோடு ஓரம் ஒட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்கி வைத்திருந்தாள். பழைய கைதான். சின்னதாக்கிக் கீழே தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை. ஒவ்வொன்றாகச் சேமித்து, ஒவ்வொன்றாக மூடினாள். அவசரமே படவில்லை. கடைசிப் பத்திரிகையும் மூடி, திரை வெறுமையானதும் புதிதாக ஒன்றைத் திறந்து அதைத் திரை முழுக்க விரித்தாள். கறுப்பு ஓரம் போட்டாள். என் அம்மாவின் பெயரை அடிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் எதுக்குட்டி மூடுத? மறுபடி தொறக்கணுமே" என்றேன்.

"பரவாயில்லக்கா. அம்மா கார்டு. பக்கத்துல ஒண்ணும் வேண்டாம்."

அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அவள் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது அப்போது வாய்வரை வந்துவிட்டது. மற்ற இரண்டு பெண்களும் கேட்பார்களே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு அதைப் பெருசாக்குனது நான்தான்" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. அந்த வரியை அடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"தெரியும்க்கா. தானா வராதுன்னு நீங்கதானே சொன்னீய."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தியும் சொல்லவில்லை. அவள் எழுந்து தன் நாற்காலியை எனக்காக நகர்த்தினாள். "உக்காந்து பாருங்க. பேரெல்லாம் சரியா இருந்தா பிரிண்ட் குடுத்திரலாம். நான் போயி உங்களுக்குக் காப்பி கொண்டுவாரேன்" என்று சொல்லிவிட்டு, என்னை மெஷினுக்கு முன்னால் தனியாக விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மவுஸ் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அம்மாவின் பெயர், ஊர், மகன் பெயர், மருமகள் பெயர், மகள் என்ற இடத்தில் என் பெயர், அதற்குக் கீழே என் வீட்டுக்காரர், என் பிள்ளைகள். அண்ணன் தாளில் என் பிள்ளைகளின் பெயரை எழுத மறந்திருந்தார். அவளே ஞாபகம் வைத்துப் போட்டிருந்தாள், வயசு வரிசைப்படி. ஒரு எழுத்துப் பிழையாவது இருக்காதா என்று மூன்று தடவை தேடினேன். இல்லை.